புத்தகத்துக்கு அளவெடுத்த அலமாரி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில், திருக்கடையூருக்கு முன்னும் பின்னும், வயலை ஒட்டிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. காவிரிக் கடைமடையில் எங்கே போனாலும் இதே காட்சிதான். பூஜை அறைக்கு மணி கோத்த தேக்குக் கதவு, சமையலறைக்கு மாடுலர் கிச்சன், படுக்கையறைக்கு வார்ட்ரோப், கூடத்தில் சுவர் முழுக்க டி.வி. யூனிட் என்று ஒவ்வொன்றுக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். புத்தகத்துக்கு? டி.வி. யூனிட்டின் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் ஒன்று இருக்கும். பள்ளி ஆண்டுவிழாவில் வாங்கிய ஷீல்டும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் அதில் முன்வரிசை பிடித்துக்கொள்ள, பின்னால் பத்திருபது புத்தகங்கள் ஒடுங்கிக் கிடக்கும். சாவி எங்கே என்று வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். இந்த ஷோகேஸைப் புதுமையாக்கச் சொல்லும் யோசனைகளுக்கும் இப்போது பஞ்சமில்லை. அறுகோணச் சட்டம், கிளைவிட்ட மரம்போல் பலகை, உள்ளே எல்.இ.டி. விளக்கு, அட்டையின் நிறம் பார்த்து அடுக்குவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் எப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் இவை எல்லாவற்றின் கவலையும். வீட்டுப் புத்தக அலமாரியை நமக்கேற்ப அமைப்பது என்றால், புத்தகத்தின் அளவு, எடுக்கிற கையின் எட்டம், ஊரின் ஈரம் ஆகிய மூன்றையும் தச்சரிடம் சொல்லிச் செய்வது என்பேன். அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு, மனமும் பணமும் மிச்சமிருந்தால்.

இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு உள்ளலங்கார நிபுணரைத் தேட வேண்டியதில்லை. இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர்; சீர்காழியும் திருக்கடையூரும் இன்று ஒரே மாவட்டம். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்பாட்டுக்காக என்பது. இதில் என்ன புதுமை என்று தோன்றும். ஆனால் அவர் அந்த விதியைப் பலகை, நாற்காலி வரைக்கும் இழுத்துவருகிறார். ஐரோப்பிய நூலகங்களில் ஒருகாலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டுகிறார். சராசரி உயரமுள்ள ஒருவர் வெறும் தரையில் நின்று கை நீட்டினால் எட்ட வேண்டும், அதற்கு மேல் தட்டு கூடாது என்கிறார். பூட்டிய கண்ணாடிக் கதவும், ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய லாஃப்டும் வீட்டுக்குள் அந்தச் சங்கிலியின் வேலையைத்தான் செய்கின்றன. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். படிக்கிறவர் புத்தகத்திடம் வர முடியவில்லை என்றால் தட்டுக்குச் சக்கரம் கட்டலாம் என்று காட்டிய வண்டி அது. அலமாரியைத் தேவைக்கேற்ப மாற்றியமைப்பதற்கு டெல்டாவில் இதைவிடத் துணிச்சலான முன்மாதிரி கிடைக்காது.

முதலில் அளவு. தமிழில் வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை இரண்டே அளவில் அடங்கிவிடும். நாவலும் கட்டுரைத் தொகுப்பும் பெரும்பாலும் டெமி. எட்டரை அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம். சற்றுச் சிறியது கிரவுன். ஏழேகால் அங்குலத்தோடு முடிந்துவிடும். ஆனால் தச்சர் கையோடு கொண்டுவருவது துணி அலமாரியின் கணக்கு. ஆழம் பதினெட்டு அங்குலம், தட்டுக்குத் தட்டு பதினாலு. அதில் டெமி புத்தகத்தை நிறுத்தினால் தலைக்கு மேல் ஐந்தரை அங்குலம் வெறுமையாக நிற்கும். அந்த இடத்தில் நாலு புத்தகம் படுக்கைவாட்டில் ஏறி உட்காரும். முன்னால் ஓர் அடி மிச்சம் இருக்கிறதே என்று இரண்டாவது வரிசை முளைக்கும். அது முளைத்த நாளோடு பின்வரிசையின் கதை முடிந்தது. கணக்கைப் பாருங்கள்: ஆறடி உயரத்தில் பதினாலு அங்குல இடைவெளி விட்டால், பலகைக் கனம் போக நாலு தட்டுதான் தேறும். பத்து அங்குலம் விட்டால் ஆறு தட்டு. ஆழம் எட்டு அங்குலம் போதும் என்பதால் மரச் செலவும் ஏறக்குறைய பாதியாகிவிடும். எட்டு அங்குல ஆழமுள்ள அலமாரி நடையிலும், மாடிப்படி ஏறும் சுவரிலும், கதவு திறந்தால் மறைகிற மூலையிலும்கூட அடங்கிப் போகும். ‘வீட்டில் இடம் இல்லை’ என்கிற பேச்சில் பாதி, பதினெட்டு அங்குலத்தால் வந்த பேச்சு. பக்கப் பலகைகளில் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, தட்டைப் பெக்கில் உட்கார வைத்துவிட்டால் நாளைக்கு அகராதியோ அட்லஸோ வந்தாலும் ஒரு தட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

எந்தத் தட்டிலும் ஒழுங்காக நிற்காதவை இரண்டு வகை. ஒன்று, கையடக்கப் பதிப்பு. அபிராமி அந்தாதி பிறந்தது திருக்கடையூரில். பல வீடுகளில் அது உள்ளங்கை அளவுப் புத்தகமாகத்தான் இருக்கிறது. கவசப் புத்தகமும் பஞ்சாங்கமும் அதற்கு உறவுக்காரர்கள். டெமி வரிசைக்குள் நுழைந்துவிட்டால் இவற்றை மறுபடி கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு பிரதி வாங்கிவிடலாம். மற்றொன்று, பிள்ளைகளின் படப் புத்தகம். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்களுக்கு முதுகே கிடையாது. நிமிர்த்தி நிறுத்தினால் சரியும், நின்றாலும் எது எந்தப் புத்தகம் என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். மூன்று அங்குல அகலப் பலகை ஒன்றைச் சுவரில் பொருத்தி, முன்னால் குறுக்கே ஒரு ரீப்பரை ஓட்டினால் போதும். அட்டையின் முகம் வெளியே தெரிய நிற்கும். எழுத்துக் கூட்டத் தொடங்காத குழந்தைக்கும் யானைப் படம் தெரியும் அல்லவா?

அடுத்தது பாரம். ஓர் அடி நீளத்துக்கு டெமி புத்தகம் அடுக்கினால் ஆறேழு கிலோ வரும். கெட்டி அட்டைப் பெருந்தொகுதிகள் இன்னும் கூடும். நாலடித் தட்டு ஒரு சிப்பம் அரிசியைச் சுமக்கிறது, வருஷம் முழுக்க, இறக்கி வைக்காமல். பலகையின் நீளம் இரண்டு மடங்கானால் நடுத்தொய்வு இரண்டு மடங்கோடு நிற்காது, பதினாறு மடங்காகும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். கடையில் வாங்கிய நீளமான பார்ட்டிகிள் போர்டு தட்டு சீக்கிரமே நடு வளைந்துவிடுவது இந்தக் கணக்கினால்தான். ஈரம் அதற்கு உடந்தை. முக்கால் அங்குலப் பலகை என்றால் இரண்டரை அடிக்கு ஒரு நடுத்தாங்கல் கொடுக்க வேண்டும். அல்லது முன் விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பரைச் செங்குத்தாக அடிக்க வேண்டும். இடித்த ஓட்டு வீட்டு ஊஞ்சல் பலகை பரணில் கிடந்தால் அதிர்ஷ்டம்தான். இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுவதற்காக அறுத்த கனம் அது. ஐந்தடி நீளத்துக்குத் தாங்கல் இல்லாமலே நிற்கும்.

இந்த ஊரின் காற்றுக்கு வருவோம். திருக்கடையூருக்குக் கடல் பக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உப்புக்கூட டப்பாவில் கசியும். காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி பெருகும். ஓதம் ஏறிய வெளிச்சுவரில் அலமாரியை ஒட்டி வைத்தால் முதுகுப் பலகை உப்பும். கரையான் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். எனவே நடுச்சுவரைத் தேர்ந்தெடுப்பதும், சுவருக்கும் அலமாரிக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுவதும் எல்.இ.டி. விளக்கை விட முக்கியமான வேலைப்பாடுகள். கண்ணாடிக் கதவு இங்கேதான் தோற்கிறது. அது தூசியைத் தடுக்கும், உண்மை. ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தையும் சேர்த்தே பூட்டி வைக்கும். மாதம் ஒருமுறைகூடத் திறக்காத ஷோகேஸைத் திறந்து முகர்ந்து பார்த்தால் நான் சொல்வது புரியும்.

‘தஞ்சை சரஸ்வதி மகாலில் பீரோக்களில் வைத்துத்தானே பாதுகாக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இருப்பவை திரும்ப அச்சிட முடியாத சுவடிகள். அவற்றைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து வைக்கும் பழைய முறையும் இருக்கிறது. வீட்டில் இருப்பவை கடையில் மறுபடி கிடைக்கும் புத்தகங்கள். அவற்றுக்குக் காப்பு, அடிக்கடி கை படுவது. கவனிப்பார் இல்லாமல் மூடி வைத்த சுவடிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விடப்பட்டவையும் அதில் உண்டு. வீட்டில் தாத்தா காலத்து முதல் பதிப்போ கையெழுத்துப் படியோ இருந்தால் அதற்கு மட்டும் கதவு போடுங்கள், வசம்பு முடிச்சும் வையுங்கள். மற்றதைத் திறந்து விடுங்கள்.

தூசிக்கு என்ன செய்வது? நம் பஞ்சாங்கமே வழி வைத்திருக்கிறது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் துடைத்து அடுக்குகிறோம். அது மழை பிடிப்பதற்குச் சற்று முன்பு வருகிறது. போகிக்கு வீட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்கிறோம். அது மழை விட்ட கையோடு வருகிறது. ஈரம் ஏறும் பருவத்துக்கு இருபுறமும் இரண்டு துடைப்பு. பூஜைக்கு நாலு பாடப் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்துப் பொட்டிடுவதோடு நிற்காமல், அலமாரி முழுவதையும் இறக்கினால் தூசியைப் பற்றிய புகாரில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மீதிக்குப் பழைய வேட்டியில் ஒரு திரை.

கடைமடைக்கு இன்னொரு கவலை உண்டு, அது வெள்ளம். மேலே தண்ணீரைத் திறந்துவிட்டு இங்கே மழையும் கொட்டினால் தாழ்வான தெருக்களில் நடை வரை தண்ணீர் வரும். அதனால் அடித்தட்டு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர வேண்டும். ஆனால் குழந்தைக்கு எட்டுவதும் அந்த அடித்தட்டுதானே? இங்கே காய்கறிக் கடையில் அடுக்கும் பிளாஸ்டிக் டிரே கைகொடுக்கும். பக்கவாட்டில் படுக்க வைத்தால் தட்டு, நிமிர்த்தித் தூக்கினால் கூடை. தண்ணீர் வருகிறது என்றால் இரண்டே நிமிடத்தில் பரணுக்குப் போய்விடும். கரையான் அதைத் தொடாது. தொகுப்பு வீட்டில் தச்சரைக் கூப்பிட வசதியில்லாத குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகும். அழகாக இருக்காது என்பது உண்மைதான்.

செலவு என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. தேக்கின் விலை நடுத்தரக் குடும்பத்தை மிரட்டுகிறது. ஆனால் அலமாரிக்குத் தேக்கு எதற்கு? ஓட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் சட்டங்களும் பலகைகளும் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய மரம், இனி முறுக்காது. ஆணி மிச்சமிருக்கிறதா, உள்ளே கரையான் ஓட்டை உண்டா என்று பார்த்து எடுத்தால் போதும். வீடு கட்டும்போதே முடிவெடுத்தால் சமையலறைக்குப் போடுவது போலக் கூடத்துச் சுவரிலும் கடப்பாக் கல் தட்டு போட்டுவிடலாம். கரையான் பயம் கல்லுக்கு இல்லை, மழைக்காலக் குளிர்ச்சிக்கு ஒரு பாய்த் துண்டு விரித்தால் சரி. சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் தைக்காலில் பிரம்பு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சோபாவும் ஊஞ்சலும் பின்னுகிறவர்களிடம், எட்டு அங்குல ஆழத்தில் காற்றோட்டமான புத்தகத் தட்டு ஒன்றை அளவு கொடுத்துக் கேட்கலாம். நம் மாவட்டத்துக் கைவேலை இருக்க, மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையைப் பெட்டியில் வரவழைத்து, மூன்றாவது மழைக்குத் தூக்கிப் போடுவதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாடகை வீட்டுக்காரர்கள் சுவரில் ஆணி அடிக்க முடியாது. அவர்களுக்குத்தான் துளை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக். நட்டு, போல்ட்டைக் கழற்றினால் கட்டாகக் கட்டி வேனில் ஏற்றிவிடலாம். அடுத்த வீட்டுச் சுவருக்கேற்ப வேறு உயரத்தில் பூட்டலாம். கடல் காற்றுக்குத் துரு ஏறும் என்பதால் பவுடர் கோட்டிங் அவசியம். ரங்கநாதன் லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட பட்டைகளை விதவிதமாகப் பூட்டிப் பல பொம்மைகள் செய்யலாம். நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் பொறி என்பது நூலகத் துறையினர் அறிந்த செய்தி. ஆங்கிள் ரேக்கும் அதே சாதிதான். அதே குணம் கொலுப்படிக்கும் உண்டு. ஒன்பது நாள் பொம்மையைச் சுமந்துவிட்டு வருஷம் முழுக்கப் பரணில் தூங்கும் அந்த மடக்குப் படிகளில் கீழ் மூன்றைக் கூடத்தில் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அட்டை தெரிய அடுக்கும் தட்டு தயார். நவராத்திரிக்குப் புத்தகங்கள் எப்படியும் பூஜைக்குப் போகப் போகின்றன, படியைத் திருப்பிக் கொடுப்பதில் தகராறு வராது.

எல்லாம் செல்பேசியில் இருக்கும்போது அலமாரி எதற்கு என்பது இன்றைய பெரிய ஆட்சேபம். மின்னூலை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இல்லையென்றால் எத்தனையோ பழந்தமிழ் நூல்கள் சாமானியர் கைக்கு வந்திருக்காது. தேடிப் போகிறவருக்குச் செல்பேசி போதும். தேடத் தெரியாத பிள்ளைக்கு, புத்தகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 31 நாடுகளில் 1,60,000 பெரியவர்களின் திறனை, அவர்கள் பதினாறு வயதில் வாழ்ந்த வீட்டில் எத்தனை புத்தகம் இருந்தது என்பதோடு ஒப்பிட்டது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜோனா சிகோரா தலைமையில் நடந்த ஆய்வு அது. படித்த பெற்றோர் வீட்டில் புத்தகமும் இருக்கும், திறனும் இருக்கும், இதில் அலமாரிக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கழித்துப் பார்த்தும் வாசிப்பு, கணக்கு இரண்டிலும் வித்தியாசம் நின்றது. அந்த 31 நாடுகளில் இந்தியா இல்லை. எனவே அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் அதில் வரும் ஓர் எண் நம் தச்சருக்கு உபயோகமானது. ஏறக்குறைய எண்பது புத்தகம் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் வாசிப்புத் திறன் சராசரியை எட்டிவிடுகிறது. எண்பது டெமி புத்தகத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நாலைந்து அடி. இரண்டரை அடி அலமாரியில் இரண்டே தட்டு! வீட்டிற்கோர் புத்தகசாலை என்று அண்ணா வானொலியில் பேசியதைப் பணக்காரக் கனவு என்று தள்ளிவிட முடியாது.

திருக்கடையூருக்கென்றே ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வருகின்றன. பணி ஓய்வும் அறுபதும் ஒட்டியே வருவதால், பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பகல் முழுவதும் மிச்சமாகும் வயது அது. பிள்ளைகள் என்ன தருகிறார்கள்? பட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு, பிரேம் போட்ட படம். அந்த வயதுக்கு அளவெடுத்த ஓர் அலமாரியைத் தரலாமே என்பது என் யோசனை. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது, குனிந்தால் இடுப்பு பிடிக்கும். தோளுக்கு மேலும் கூடாது, அண்ணாந்தால் தலை சுற்றும். ஆக இரண்டடிக்கு மேல், நாலரை அடிக்குள் மூன்று தட்டு. தேவார உரையோ கம்பனோ, கனமான தொகுதிகள் இடுப்பு உயரத்தில். அந்த மட்டத்தில் வெளியே இழுக்கிற ஒரு சாய்வுப் பலகை. பாராயணத்துக்கு வைத்துக்கொள்ளும் மடக்குப் பலகையின் வேலையை அது செய்யும், கையில் தூக்கிப் படிக்க வேண்டாம். விளக்கு உள்ளே வேண்டாம், படிப்பவரின் தோளுக்குப் பின்னால் வேண்டும். அறுபதுக்கு மேல் யார் படிக்கிறார்கள் என்று பிள்ளைகள் சிரிக்கலாம். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து அச்சிட்டவர் பெயர் வரை வாசிக்கிறவர்கள் எந்த வயதினர் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிச் செய்த அலமாரியும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடும். ரங்கநாதனின் ஐந்தாவது விதியே நூலகம் வளரும் உயிர் என்பதுதான். வளர்கிறதே என்று பக்கத்தில் இன்னொன்று செய்யச் சொல்ல மாட்டேன், சுவர் தீர்ந்துபோகும். முதல் நாளே ஒரு தட்டைக் காலியாக விடுங்கள். அது நிரம்பியதும், இரண்டு சரஸ்வதி பூஜைக்கு இடையில் யாருமே எடுக்காத புத்தகங்களைத் தனியாக ஒதுக்கி, எவற்றை எடுத்துக்கொள்வார்கள் என்று ஊர்க் கிளை நூலகத்தில் கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.